எலும்பு அண்ணனுக்கு, குழாய் தங்கைக்கு

தெய்வானையின் எலும்புகள் மகன் குமரவேளுக்கு. ரத்தக்குழாய்கள் மகள் எழினிக்கு. கண், காது, பல் எல்லாம் அரசாங்கத்துக்கு. நிலாவின் முதியோர் குடியிருப்பில் இப்படிப் பாகம் பிரித்துக்கொள்வதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. ஒரு காலத்தில் அப்பாவை ஒருவர், அம்மாவை ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். பொறுப்புப் பங்கீட்டுச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆளை நோய்வாரியாகப் பிரிக்க முடிகிறது. நாகரிகம் வளரத்தானே செய்யும்!

புதன்கிழமை தூத்துக்குடியிலிருந்து மகன் திரையில் வருவான். "கால்சியம் போட்டியாம்மா?" என்பான். சனிக்கிழமை கோவையிலிருந்து மகள் வருவாள். "குழாய் மருந்து போட்டியாம்மா?" என்பாள். தலை வலிக்கிறது என்று சொன்னால் இருவருக்கும் ஒரே பதில்தான்: "அது என் பங்குல வராதும்மா."

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது. முழங்கால் வலிக்கு எடை தெரியாத நிலாதான் நல்லது என்று அம்மாவை அனுப்பி வைத்தார்களே, அதுதான் அவர்கள் சேர்ந்து எடுத்த கடைசி முடிவு. மற்ற நாட்களில் தெய்வானைக்குப் பேச்சுத்துணை 'பேணி' என்கிற பணிவிடை இயந்திரம். அவள் எது சொன்னாலும் அது சரி என்றது. சண்டை போடக்கூட ஆளில்லாமல் அவள் தவித்துப்போனாள்.

ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து போகையில் நெஞ்சை அடைத்தது. அவள் உடம்புக்குள் பதித்திருந்த உள்நோக்கியைப் பேணி படித்துப் பார்த்தது.

"அம்மா, உங்களுக்கு ரெண்டு நோய் இல்ல, ஒண்ணுதான். இங்க எடை குறைவு, எலும்பு கரையுது. கரையுற சுண்ணாம்பு ரத்தக்குழாய்ச் சுவர்ல போய்ப் படியுது. ஆளுக்கொரு மருந்து குடுத்தா தீராது. ஒருத்தர் பொறுப்புல சீக்கிரமா ஒரே வைத்தியம் ஆரம்பிக்கணும்."

தெய்வானை மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நோய்க்கு ஒரு பிள்ளை என்பது சட்டம். இனி புதன்கிழமைப் பேச்சு போகும், இல்லாவிட்டால் சனிக்கிழமைப் பேச்சு போகும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள்.

"சொல்லிட்டேம்மா" என்றது பேணி.

விவகாரம் 'நடுவன்' என்கிற தீர்ப்பு இயந்திரத்திடம் போனது. ஒரே திரையில் பிள்ளைகள் இருவரும் வந்து நின்றார்கள்.

"சுண்ணாம்பு இப்ப குழாய்லதானே இருக்கு? அப்ப அது எழினி பங்கு" என்றான் குமரவேள்.

"கிளம்புனது எலும்புலேர்ந்துதானேண்ணே? உன் பொருளை என் இடத்துல கொட்டிட்டு என்னையே பார்த்துக்கச் சொல்றியா?"

"சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். வாயாடி!"

"யாரு, நானா? அம்மாவையே கேளு!"

தெய்வானை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாயிற்று, எழினி 'அண்ணே' என்று கூப்பிட்டு! சந்தோஷத்தில் திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

நடுவன் குறுக்கிட்டது. "அம்மையீர், இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இன்றே வைத்தியம் தொடங்கிவிடும். தள்ளிப்போட்டால் உங்கள் ரத்தக்குழாய்கள் தாங்கா. மேலும், மறு அமர்வுக்கு இவர்கள் இருவரும் மீண்டும் வர வேண்டியிருக்கும்."

"ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"ஆம். இதே திரையில்."

தெய்வானை வலித்த நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டு, திரையில் இன்னமும் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு வாய்தா குடுங்க" என்றாள்.