காயல் நடுவே எஞ்சினை நிறுத்திய கோகிலம்

படகு கரையைவிட்டு நகர்ந்ததும், பின்னாலேயே பனி கதவைச் சாத்திக்கொண்டது.

புயலுக்குப் பிறகு காயலுக்குள் போகும் முதல் படகு அது. ஓட்டியவன் வீரையன். கடலோர மணல்திட்டில் குடிசை போட்டு மீன்பிடித்தவர்களோடு அவன் தங்கை அமிர்தமும் இருந்தாள். திட்டைக் கடல் விழுங்கிவிட்டது. அலையாத்திக் காட்டுக்குள் தப்பியிருந்தால் உண்டு. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார்கள்?

படகின் முன்னால் கோகிலம் உட்கார்ந்திருந்தார். ஒரு வெள்ளத்தின்போது நிவாரண அமைப்பு ஒன்றில் கஞ்சி காய்ச்ச வந்தவர். பூகம்பம், அகதி முகாம், காலரா என்று முப்பது வருடம் ஓடி, இன்று அந்த அமைப்புக்கே தலைவி. ஆபீசில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கேட்காமல், தண்ணீர் கேன்களோடும் டாக்டர் நஸ்ரீனோடும் ஏறிவிட்டார்.

மரங்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்திலிருந்து தொங்குகின்றனவா என்றே தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ வந்து உட்காரப்போவதுபோல, வேர்களின்மேல் நின்றது. வாய்க்கால்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. ஓர் இடத்தில் வழி மூன்றாகப் பிரிந்தது. நஸ்ரீனின் வரைபடம் ஒரு பக்கம் காட்டியது. வீரையன் வேறு பக்கம் என்றான்.

"எஞ்சினை நிறுத்து வீரையா," என்றார் கோகிலம்.

"தண்ணி வத்துதுக்கா. நின்னா சேத்துல மாட்டிக்குவோம். ஆபீஸ்லயே இருந்து தண்ணியை மறந்துட்டீங்களா?"

"பூகம்பத்துல மிஷினையெல்லாம் நிறுத்திட்டு, மூச்சை அடக்கிக் கேப்போம். இடிபாட்டுக்கு அடியில யாரோ டம்ளரைத் தட்டுறது அப்பத்தான் கேட்டுச்சு. நிறுத்துப்பா."

நிறுத்தினான். இலையிலிருந்து நீர் சொட்டியது. படகின் அடியில் சேறு உரசியது. வீரையனின் கை எஞ்சின் கயிற்றுக்குப் போனது. கோகிலம் அதை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

எங்கோ வெகுதூரத்தில் ஒரு சேவல் கூவியது.

அந்தக் காட்டில் ஏது சேவல்? மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வரைபடத்திலும் இல்லாத, வீரையனும் சொல்லாத நடு வழியிலிருந்து குரல் வந்தது. கழி ஊன்றி, சேற்றில் இறங்கித் தள்ளி, அந்தக் குரலின் பின்னாலேயே போனார்கள்.

மரக்கிளைகளில் பறவைகள்போல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தத்தின் முந்தானைக்குள் சேவல்.

நஸ்ரீன் ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்தபடியே, இத்தனை பசியில் இதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டாள்.

"கத்திக் கத்தி எங்க தொண்டை மொத நாளே போச்சு டாக்டரம்மா," அமிர்தத்துக்குக் குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. "இவன் ஒருத்தனுக்குத்தான் குரல் இருந்துச்சு."

திரும்பும்போது பனி பொன்னிறமாகியிருந்தது. கரை நெருங்குமுன், யாரும் சொல்லாமலே வீரையன் எஞ்சினை நிறுத்தினான். கரையில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது கேட்டது. மீண்டு வந்தவர்கள் பதில் சொல்ல வாயைத் திறந்தார்கள், சத்தம் வரவில்லை.

"தண்ணி, மருந்து கொண்டு போறதெல்லாம் அப்புறம் நஸ்ரீன்," என்றார் கோகிலம். "மொதல்ல கேக்கணும்."

அமிர்தம் முந்தானையை விலக்கினாள். எல்லோருக்குமாகச் சேர்த்து சேவல் பதில் சொன்னது.