சிசுருவின் கிண்ணம்

கடையில் ஆளே இல்லை. ஆனால் ஒரு சாப்பாடு மட்டும் சூடாகக் காத்திருந்தது.

மரிவிக் கதவை நகர்த்தி உள்ளே தலையை நீட்டினாள். நீளமான ஒற்றைப் பலகை, அதன் முன்னால் வரிசையாக ஏழு முக்காலிகள், பலகைக்கு அந்தப் பக்கம் மெதுவாகக் கொதிக்கும் ஒரு பெரிய பாத்திரம், உட்சுவரின் மூலையில் மண்ணெண்ணெய் கணப்பு. அவ்வளவுதான் கடை. குரல் கொடுத்துப் பார்த்தாள், பதில் இல்லை. கதவுக்குப் பக்கத்து முக்காலிக்கு எதிரே மூடி போட்ட ஒரு மரக்கிண்ணம், அதன் முன்னால் குறுக்காக வைத்த சாப்பிடும் குச்சிகள், ஆவி பறக்கும் தேநீர்.

ஹகோதாத்தே என்ற அந்த வடக்குப் பனி ஊரில் குளிர்காலத்தில் பள்ளி விடுவதற்கு முன்பே இருட்டிவிடும். பிலிப்பைன்ஸின் இலோயிலோவிலிருந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவளுக்குப் பள்ளியில் கிடைத்த நட்பெல்லாம் "குளிருதா?", "ஆமாங்க, குளிருது" என்ற அளவோடு நின்றது. அதனால் அவள் இந்த ஊரோடு வயிற்றின் வழியாகப் பேச முடிவு செய்தாள். டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சந்துகளில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒவ்வொரு கடை. உப்புச் சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ், கரியில் சுட்ட கணவாய், இரும்புத் தட்டில் வதங்கும் ஆட்டிறைச்சி, நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகும் மதுக்கடை. எங்கே போனாலும் நன்றாகச் சாப்பிட்டாள். எங்கே போனாலும் அந்நியளாகவே வீடு திரும்பினாள்.

உட்கார்ந்தவுடன் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் எதையாவது வைப்பது இந்த ஊர்க் கடைகளின் வழக்கம். முதல் வாரத்தில் அது தெரியாமல், "நான் இதைக் கேட்கலையே" என்று சொல்லி அசடு வழிந்தவள், இப்போது எல்லாம் தெரிந்தவள்போல் உட்கார்ந்தாள். முக்காலியின் மெத்தை ஈரமாக இருந்தது, யாரோ பனியோடு வந்து உட்கார்ந்து எழுந்து போயிருந்த மாதிரி. பசியில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மூடியைத் திறந்தாள். சேப்பங்கிழங்கும் முள்ளங்கியும் காளானும் இன்னும் என்னென்னவோ காய்களும் சோயாச் சாற்றில் வெந்து கிடந்தன. ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, மூடியை மறுபடி போட்டுவிட்டு, நனைந்த பாவாடையைக் காயவைக்க உட்சுவர்ப் பக்கம் கணப்பை ஒட்டிய கடைசி முக்காலிக்கு நகர்ந்தாள்.

அப்போதுதான் கடைக்காரி மீன் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். அறுபது வயதிருக்கும். சந்து முழுவதும் ஃபுசாயே அக்கா என்றுதான் கூப்பிடும். மரிவிக்கைப் பார்த்துச் சிரித்தபடியே அந்தக் கிண்ணத்தின் மூடியைத் தூக்கியவள், அப்படியே நின்றாள்.

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள், கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இப்பதான். இப்பதான் வந்தேன்" என்றாள் மரிவிக். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று அந்த முகம் சொன்னது. பயத்தில் பொய் தானாக வந்தது.

ஃபுசாயே அந்தக் காலி முக்காலிக்கு முன்னால் தலை தாழ்த்தி வணங்கினாள். "வந்துட்டியா, வந்துட்டியா" என்றாள். அழுதாள். அழுகையோடே சிரித்தாள்.

மரிவிக்கின் முன்னால் சுட்ட கணவாயை வைத்தாள். சற்று நேரத்தில் இவாசே வந்தார். டாக்சி ஓட்டுபவர், அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்; மரிவிக்கைப் பள்ளி வாசலில் பார்த்திருக்கிறார். ஃபுசாயே முகம் கழுவப் பின்பக்கம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சரம்மா, அது அவ பொண்ணு சிசுருவுக்கு வைக்கிற சாப்பாடு. சண்டை போட்டுக்கிட்டு வீட்ட விட்டுப் போனவ. போனும் இல்ல, கடுதாசியும் இல்ல. வெளியூர் போனவங்க அங்க பசியா இருக்கக்கூடாதுன்னு வீட்ல இப்படி வைப்பாங்க. வருஷக்கணக்கா வைக்கிறா. இன்னைக்குத்தான் காலியாயிருக்கு."

"அக்காவுக்கு சந்தோஷம்தானே?"

இவாசே தன் கோப்பையைப் பார்த்தார். "நீங்க கணவாய் சாப்பிடுங்க. ஆறிடப்போவுது" என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது மட்டுமா? அன்று கிளம்பும்போது ஃபுசாயே அவள் கழுத்துத்துணியை இழுத்துக் கட்டிவிட்டு, "நாளைக்கும் வா கண்ணு, நீ வந்த நேரம் நல்ல நேரம்" என்றாள். இந்த ஊரில் நாளைக்கு வா என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

மறுநாளும் போனாள். ஃபுசாயே தினமும் இருட்டிய பிறகு கடையைத் திறந்து போட்டுவிட்டு முனை மீன்கடைக்குப் போவாள். அந்தக் கொஞ்ச நேரம் போதும். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, உள்முக்காலிக்குப் போய்விடுவாள் மரிவிக். ஒரு தாய்க்குச் செய்யும் நல்ல காரியம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். நாளுக்கு நாள் ஃபுசாயேயின் கண்ணடியில் கருமை ஏறியதையும், கிண்ணத்தைக் கழுவும்போது அவள் தோள் குலுங்கியதையும் பார்க்காமல் இல்லை. ஆனந்தக் கண்ணீர் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தாள்.

வேறு சிலவும் இருந்தன. குச்சிகளை எடுக்கும்போது நுனி ஈரமாக இருக்கும். இப்போதுதான் வைத்த சாறு சில நாள் பனிநீராகச் சில்லிட்டிருக்கும். ஒருநாள் அவள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காதோரம் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஆறு முக்காலிகள் வெறுமனே நின்றன. பாத்திரத்தில் சாறு கொதிக்கிற சத்தம்தான் என்று முடிவு கட்டினாள். அன்று முதல் வேகமாகச் சாப்பிட்டாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. எழுந்து தண்ணீர் எடுக்கக்கூடத் தெம்பில்லாமல் வாரம் முழுக்க வாடகை அறையில் சுருண்டு கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது. உடம்பு வலியைவிட அந்தக் கிண்ணம்தான் அவளை வதைத்தது. யாரும் தொடாமல் ஆறிப்போன சாப்பாட்டைப் பார்த்து ஃபுசாயே என்ன ஆவாள்? நிற்க முடிந்த முதல் சாயங்காலமே, பனிப்புயல் அறிவிப்பையும் மீறிச் சந்துக்குப் போனாள்.

கடை திறந்திருக்கிறது என்று காட்ட வாசலில் தொங்கவிடும் துணி இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. கதவை நகர்த்தியதும் சோயா மணத்துக்குப் பதிலாக ஊதுவத்தி வாசம் முகத்தில் அடித்தது. அலமாரியில் ஒரு இளம்பெண்ணின் படம், அதன் மேல் கறுப்பு நாடா. ஃபுசாயே பலகைக்குப் பின்னால் கறுப்பு உடையில் நின்றிருந்தாள்.

"உள்ள வா கண்ணு. காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து இவாசே சொன்னார். கணப்புகிட்ட உக்காரு."

மரிவிக் முக்காலிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். "அக்கா, எதுக்கு இந்த நாடா?"

"நாளைக்குக் கோயில்ல சடங்கு. உடம்பு கெடைக்கலன்னாலும் செத்தவங்களுக்குக் கோயில்ல வைக்கிற பேராவது வைக்கணும்ல." ஃபுசாயே நிதானமாகப் பேசினாள். "உசுரோட இருக்கிறவங்க இருக்கிற எடத்துலதான் சாப்பிடுவாங்க. வீட்ல வச்சது வச்சபடியே இருக்கும். அது அப்படியே இருக்கிற வரைக்கும் தாய்க்கு நிம்மதி. தினம் அது தொடாம இருக்கிறதப் பாத்துட்டுத்தான் நான் தூங்குவேன். எப்ப காலியாச்சோ..." அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "காலில்லாம வந்து சாப்பிட்டுப் போயிருக்கா எம் பொண்ணு. தினம் தினம் வரா. அவ்ளோ பசி."

மரிவிக்குப் புரிந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்து, இருந்த ஒரே நம்பிக்கையை நாள்தோறும் உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறாள்.

"அக்கா, நான்தான். நான்தான் சாப்பிட்டேன். முதல் நாள் தெரியாம. அப்புறம் உங்களுக்கு சந்தோஷம்னு நெனச்சு... என்ன மன்னிச்சிருங்க அக்கா."

ஃபுசாயே படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "நீயா?"

"நானேதான்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

ஃபுசாயேயின் முகத்தில் ரத்தம் ஊறுவதை மரிவிக் கண்ணால் பார்த்தாள். ஏசுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தாள். கிழவியோ பலகையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எம் பொண்ணு... அப்ப அவ..." என்று மூச்சு வாங்கினாள். பிறகு எதையோ நினைத்து நிமிர்ந்தாள்.

"நீதான் ஒரு வாரமா வரலையே."

"ஆமா."

"இந்த வாரமும் காலியாத்தான் இருந்துச்சு."

வெளியே காற்று கதவை உலுக்கியது. இருவரும் கதவோர முக்காலியைப் பார்த்தார்கள். மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஈரம்.

"அக்கா, வெளிய போயிடலாம்."

ஃபுசாயே காதில் வாங்கவில்லை. அவள் உதடுகள் எதையோ கணக்குப் போட்டன. திடீரென்று பலகையை ஓங்கித் தட்டினாள்.

"காளான்! காளானும் காலி! ஒரு துண்டு மிச்சமில்ல. சாத்து ருசிக்கு நான் போட்டாலும் சிசுரு காளானத் தொட மாட்டா, கண்ணு. அடிச்சாலும் சாப்பிட மாட்டா. ஒண்ணு விடாம ஓரத்துல ஒதுக்கி வச்சிருவா. எனக்கு ஏன் இது தோணல? தின்னது அவ இல்ல! எம் பொண்ணு இல்ல!"

கறுப்பு நாடாவைப் பிய்த்து எறிந்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப்போல மகிழ்ச்சியான ஒன்றை மரிவிக் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. அதைக் கேட்டு அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அப்ப... அது யாரு அக்கா?"

"யாரா இருந்தா என்ன? வச்சுக் கொடுக்க ஆளில்லாத பாவப்பட்ட ஜென்மம். வழி தெரிஞ்சு வந்திருக்கு." கரண்டியை எடுத்தாள். "நல்லா சாப்பிடட்டும். தின்னது எம் பொண்ணு இல்லேன்னு சொல்ல வந்த தெய்வம்! வாங்க, யாரு பசியா இருந்தாலும் வாங்க!"

கிண்ணங்களை அடுக்கினாள். நிரப்பினாள். மூடி போட்டாள். ஒவ்வொரு முக்காலிக்கும் எதிரே ஒன்று. மரிவிக் எழுந்தாள். வெளியே போகும் வழி முக்காலிகளுக்குப் பின்னால்தான்.

கதவோர முக்காலி நகர்ந்தது.

தரையில் முக்காலியின் கால்கள் உரசும் சத்தம். பலகையை நோக்கி, ஒருவர் வசதியாக இழுத்துப் போட்டுக்கொள்வதுபோல. மூடி டக்கென்று திறந்தது. சத்தம் வந்தது. உறிஞ்சும் சத்தம். அவசரமான, பல நாள் பட்டினியின் சத்தம்.

அடுத்த முக்காலி.

அதற்கடுத்தது.

ஈரக் கம்பளி வாடை. கடல்பாசி வாடை. குளிர். வரிசை அவளை நோக்கி வந்தது. ஒவ்வொரு மூடியாக. ஃபுசாயே காலியான கிண்ணங்களில் மறுபடி ஊற்றிக்கொண்டே, "மெதுவா, மெதுவா, நிறைய இருக்கு" என்று கொஞ்சினாள். மரிவிக் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பக்கத்து முக்காலி கடைசியாக நகர்ந்தது. மற்றவைபோல் உரசவில்லை. மெல்ல, சத்தம் வராமல். அந்தக் கிண்ணத்தின் மூடி ஓசையின்றித் திறந்து பக்கத்தில் அமர்ந்தது. அங்கே அவசரமில்லை. கிழங்கு ஒவ்வொன்றாக மறைந்தது. முள்ளங்கி மறைந்தது. சாறு இறங்கியது.

கிண்ணத்தின் ஓரத்தில், ஒன்றையொட்டி ஒன்றாக, மூன்று காளான் துண்டுகள் ஒதுங்கி நின்றன.

மரிவிக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. பலகையின் அந்தக் கோடியிலிருந்து ஃபுசாயே காலிக் கிண்ணங்களைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். கண்ணில் நீர், முகம் நிறையச் சிரிப்பு. "உசுரோட இருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அவள் பார்ப்பதற்குள் அந்தக் காளான்களை எடுத்துவிட மரிவிக் பலகைக்கு மேல் கையை நீட்டினாள்.

அவள் விரல் கிண்ணத்தைத் தொடும் முன்பே காளான்கள் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தன. குளிர்ந்த விரல்கள், கண்ணுக்குத் தெரியாத மெலிந்த விரல்கள், அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடின. பிறகு அந்தக் கையை அவள் வாய்ப்பக்கமாக அவசரமாகத் தள்ளின.

"நீயும் சாப்பிட்டியா கண்ணு?" என்றாள் ஃபுசாயே, காலிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே.

வாய் நிறைய இருந்ததால் மரிவிக் தலையை மட்டும் ஆட்டினாள். கை இன்னும் விடுபடவில்லை.