குதிரைவீரனுக்குக் கண் திறந்தவன்

அவிநாசிபாளையத்தைத் தாண்டி தாராபுரம் ரோட்டில் ஒரு பழைய பருத்தி அரவை மில் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 1992 சித்திரையில் சலாவுதீன் பாய் அதை வாடகைக்குப் பிடித்து, பனியன்களுக்குப் படம் அச்சடிக்கும் யூனிட் ஆக்கினார். தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் ட்யூப்லைட் எரிந்தால்தான் உள்ளே முகம் தெரியும்.

ஆத்தப்பனும் அவன் பெண்டாட்டி பூவாத்தாளும் அங்கே பையோடு வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருஷத்துக்கு மூன்று யூனிட் மாறும் நாடோடிப் பிழைப்பு அவர்களுடையது. அவன் படம் வரைந்து, அச்சடிக்கிற வலைச்சட்டமான ஸ்கிரீன் எடுப்பான். அவள் அச்சான பனியன்களை செக்கிங் பார்ப்பாள். கையில் அத்தனை வித்தை இருந்தும் ஆத்தப்பன் வாயில்லாப் பூச்சி. யாராவது அதட்டினால் பதில் பேசத் தெரியாது, தலையைக் குனிந்துகொள்வான். ஊர் சிரித்தது. பூவாத்தாளுக்கோ அவனிடம் பிடித்ததே அந்தச் சாதுத்தனம்தான்.

வெளிநாட்டு ஆர்டரின் மாதிரிப் படங்களை சலாவுதீன் பாய் மேஜை மேல் பரப்பினார்.

"இது ஏதோ மாய லோகத்துக் கதையாம் ஆத்தப்பா. இரும்புச் சட்டை போட்ட குதிரைவீரன் ஒருத்தன், ஊரு இல்லாம பேரு இல்லாம அலையறான். நாலு படத்துல சண்டை. அஞ்சாவதுல எல்லாரும் மண்டி போட்டு அவனைத் தலைவனாக்கிடறாங்க. திங்கள்ல இருந்து தினம் ஒரு படம், வெள்ளிக்கிழமை முடிஞ்சிரோணும்."

வீரனின் முகத்தை ஓர் இரும்பு மூடி முழுசாக மறைத்திருந்தது. கண்ணுக்கு ஓட்டைகூட இல்லை. அங்கேதான் வந்தது வினை.

ஆத்தப்பனின் சனம் மண்குதிரையும் வீரனும் செய்து கோயிலுக்குக் கொடுக்கும் குயவர்கள். எல்லாம் செய்து முடித்த பிறகு, கோயிலில் சேவல் அறுத்து, அந்த ரத்தத்தைத் தொட்டு வைத்துக் கடைசியாகக் கண் திறப்பார்கள். கண்ணில்லாத வீரனைக் கடைசிவரை விட்டுவைக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை.

"வெள்ளைக்காரன் படத்துல இல்லாததை நீங்க ஏனுங்க போடறீங்க?" என்றாள் பூவாத்தாள்.

"குருடா அனுப்புனா பாவம், வழி தெரியாம அலைவான் புள்ள."

ஐந்து படத்திலும் இரண்டிரண்டு கண் வரைந்தான். சேவலுக்கு எங்கே போவது? பிளேடு கீறிய விரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பழக்கதோஷம், அதையே தொட்டுக் கண்களில் வைத்தான். வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"கண்ணு தொறந்துட்டா பொழுது சாயறதுக்குள்ள ஒரு எடத்துல நட்டு வெக்கோணும். இல்லைன்னா அதுவே எடம் புடிச்சுக்கும்னு எங்கப்பன் சொல்லும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை உச்சிவெயிலில் அச்சுப் பேஸ்டின் மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாடை வந்தது. வேர்த்த குதிரையின் வாடை. ரோட்டில் வண்டி ஏதாவது போகிறதா என்று பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள். வெறும் வெயில்தான் காய்ந்தது.

செவ்வாய்க்கிழமை, நீள டேபிளில் அச்சடிக்கிறவர்களை மேய்க்கும் டேபிள் மாஸ்டர் செங்கோட்டையன் கத்திக்கொண்டே வந்தார். அவர் வாய்க்குப் பயந்து காக்காய்கூட அந்தப் பக்கம் உட்காராது. ஆத்தப்பன் முன்னால் வந்ததும் நின்றார். குரல் இறங்கியது.

"தண்ணி குடிச்சுட்டு வரட்டுங்களா?"

நக்கல் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். ஆத்தப்பன் சிரிக்கவில்லை. சரி என்று தலையசைத்தான்.

புதன்கிழமை திருநெல்வேலிக்காரன் மூக்கையா, "நீரு யாருவே எனக்கு நாட்டாமை?" என்று எகிறிக்கொண்டு போனான். ஆத்தப்பன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். மூக்கையா தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை சலாவுதீன் பாயே அவனைக் கண்டு நாற்காலியைவிட்டு எழுந்தார். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. ஆத்தப்பனின் கூன் நிமிர்ந்திருந்தது. மூன்று நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பூவாத்தாள் தட்டில் சோறு பிசைந்துகொண்டு போய் நின்றாள்.

"ஒரு வாய் தின்னுங்க சாமி."

அவன் அவளை உற்றுப் பார்த்தான்.

"நீ யாரு?"

அவள் தட்டோடு திரும்பி வந்தாள். பாக்கி இருப்பது ஒரே படம். அவனுக்குள் இடம் பிடித்த வீரனை நாளைக்குத் தலைவனாக்கிவிட்டால், தன் புருஷன் தனக்குத் திரும்பக் கிடைக்கமாட்டான் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்தாவது படம் அச்சானது. முதல் பனியனில் மூன்று பேர் மண்டியிட்டிருந்தார்கள். மாதிரியிலும் மூன்றுதான். அடுத்ததை எடுத்தாள்.

நான்கு.

அதே ஸ்கிரீன், அதே கை. அடுத்ததில் ஐந்து. இரும்புச் சட்டைக்காரர்களுக்கு நடுவே ஒரு லுங்கி. அதற்குப் பக்கத்தில் செங்கோட்டையனின் வழுக்கைத் தலை.

அவள் நிமிர்ந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கையாவின் முழங்கால் மடிந்தது. செங்கோட்டையன் மண்டியிட்டார். வாசல் பக்கம் சலாவுதீன் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தாழ்ந்தார்.

டேபிள் கோடியில் ஆத்தப்பன் நின்றான். அவனுக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தில் ஒரு குதிரை கனைத்தது.

பூவாத்தாளுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. ஸ்கிரீனில் ஊசித்துளை விழுந்தால் அடைப்பதற்கு எல்லா யூனிட்டிலும் நகப்பூச்சு வைத்திருப்பார்கள்; பூசிய இடத்தில் சாயம் இறங்காது. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஸ்கிரீனைத் திருப்பி, வீரனின் வலது கண்ணில் பூசினாள். இடது கண்ணில் பூசினாள். காயும்வரை வாயால் ஊதினாள்.

குதிரை வாடை சட்டென்று அறுந்தது.

மூக்கையா எழுந்து முழங்காலைத் தட்டினான். செங்கோட்டையன், "என்னத்தைடா வேடிக்கை பாக்கறீங்க, பேஸ்டு காயுது," என்று பழைய குரலில் கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டு ஒருத்தி சந்தோஷப்பட்டு அழுதாள் என்றால் அது பூவாத்தாள் மட்டும்தான். செங்கோட்டையன் ஸ்கிரீனை வைத்து அடுத்த பனியனை அடித்தார்.

"பூவா..."

அவனுடைய குரல். அவனுடைய சாதுக் குரல். கூன் திரும்ப வந்திருந்தது. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதானுங்க இருக்கறேன். ஒண்ணுமில்லீங்க. எல்லாஞ் செரியாப் போச்சு."

"கரண்டு போயிருச்சா புள்ள?"

தலைக்கு மேல் ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்படி இருட்டா இருக்குது?" என்றான் அவன், அவள் முகத்துக்கு நேராகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

அவள் டேபிளைத் திரும்பிப் பார்த்தாள். சற்றுமுன் அடித்த பனியனில், அவள் அடைத்த இடத்தில் கண்ணில்லாத வெறும் இரும்பு மூடிதான் இருக்க வேண்டும்.

கண்கள் இருந்தன.

அவன் வரைந்த வீரனின் கண்கள் அல்ல அவை. அதட்டினால் தாழ்ந்துகொள்ளும் கண்கள். பத்து வருஷம் அவள் பக்கத்தில் படுத்து எழுந்த கண்கள். அவை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

டேபிள் நெடுகக் காய்ந்துகொண்டிருந்த அத்தனை பனியன்களிலும் அவை ஒருமுறை மூடித் திறந்தன.