பன்னிரண்டு நொடிக்கு ஒரு சுற்று

சனிக் கோளின் டைட்டன் நிலவில் காலைக் காப்பிக்கு முன்னால் எல்லோரும் மின்சட்டையைச் சுவரில் செருகி ஐந்து நிமிடம் சூடேற்றிக்கொள்வார்கள். கண்ணாடிக் கூரைக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நூற்றெண்பது டிகிரி. அன்று இசக்கியம்மாள் சட்டையைச் செருகவே இல்லை. பதற்றமே உடம்பைச் சூடாக்கிவிட்டது.

டைட்டனின் முதல் காற்றாலையை நட்ட பொறியாளர் அவள். ஆரஞ்சு மூட்டம் வெயிலை மறைக்கிற ஊரில் சூரியத் தகடு எடுபடாது. பூமியிலிருந்து கொண்டுவந்த, மின்சாரம் தரும் அணு வெப்பக்கலமும் கிழடுதட்டிவிட்டது. காற்று ஒன்றுதான் மிச்சம். இன்று குடியேற்றத் தலைவர் செண்பகராமன் பார்த்து ஒப்பினால் இன்னும் நூறு ஆலைகள். ஒப்பாவிட்டால், இருக்கிற ஒன்றையும் பிரித்துத் தண்ணீர்த்தொட்டி செய்துவிடுவார்கள்.

திறப்புவிழாவுக்கு ஊரே கூடியிருக்க, தலைவர் வந்தார். மண்டபத்துக் கண்ணாடி வழியே பார்த்தார். ஐந்து பனை உயரத் தூணில் மூன்று இறக்கைகள், பன்னிரண்டு நொடிக்கு ஒரு சுற்று, சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"என்னம்மா, தூங்குதா?"

"இல்லய்யா. இங்க காத்து பூமியில உள்ளதவிட நாலு மடங்கு கெட்டி. மெள்ளத் தள்ளுனாலும் தள்ளு பெருசு. அது பல்சக்கரத்துல ஏறி வேகமாவும். உள்ள செம்புக்கம்பிச் சுருளுக்கு நடுவுல காந்தம் சுத்தும். அங்கதான் கரண்டு பொறக்கு. இந்த மைக்கு, வெளக்கு, நீங்க குடிக்க காப்பி எல்லாம் அது குடுத்ததுதான்."

தலைவர் காப்பியைச் சந்தேகமாகப் பார்த்தார். "எங்க வீட்டு மாவாட்டுத கல்லே இதவிட வேகமாச் சுத்துமே."

கூட்டம் சிரித்தது. இசக்கிக்குத் தண்ணீர்த்தொட்டி கண்ணில் தெரிந்தது.

தலைவருக்கோ வியர்த்துக் கொட்டியது. சட்டையை அதிகமாகச் சூடேற்றிவிட்டார். ஆலைத்தூணைப் பற்றவைத்த வெல்டர் பேச்சிமுத்து இரக்கப்பட்டு ஒரு தகர ஃபேனைத் தூக்கிவந்து மேடையில் வைத்துச் செருகினார். விர்ரென்று சுழன்றது. கொடி பறந்தது. ரிப்பன் பறந்தது. தலைவரின் முகம் மலர்ந்தது.

"இதுல்லா காத்தாலை."

"ஐயா, அது வெறும் ஃபேன்," என்றாள் இசக்கி. "கரண்ட திங்கது அது. குடுக்கது வெளிய நிக்கது."

"நம்ம புள்ளைக்கு அடக்கம் ஜாஸ்தி," என்று தலைவர் மைக்கில் சொல்லிவிட்டு, ஃபேனுக்கு முன்னால் ரிப்பனை வெட்டினார். கைதட்டல் கூரையை அதிரவைத்தது.

"அண்ணாச்சி, நான் உண்மையச் சொன்னனா இல்லியா?"

"சொன்ன தாயி. கைதட்டுல யாருக்குங் கேக்கல," என்றார் பேச்சிமுத்து.

மாலையில் ஆணை வந்தது. இசக்கிக்குப் படிக்கத் தைரியம் இல்லை. பேச்சிமுத்துதான் படித்தார்.

"'மேடையில் கண்டது போன்ற காற்றாலைகள் நூறு அனுமதிக்கப்படுகின்றன.' நூறு ஃபேனு, தாயி."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பொறு. 'அவற்றுக்குத் தேவையான துணைக்கருவிகளைப் பொறியாளர் தம் விருப்பப்படி நட்டுக்கொள்ளலாம்.'"

இசக்கி நிமிர்ந்தாள். ஆணைத்தாளின் துணைக்கருவிக் கட்டத்தில், 'பெரிய காற்றாலை, நூறு' என்று எழுதும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆனா அண்ணாச்சி, நூறு ஃபேனும் சும்மா சுத்திக் கரண்டத் தின்னுமே."

"தின்னாது. கடைசி வரியக் கேளு," என்று பேச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "'மேடையில் கண்ட வகைக் காற்றாலை ஒவ்வொன்றின் இறக்கையிலும் தலைவரின் படம் ஒட்டப்பட வேண்டும். படம் தெளிவாகத் தெரியும்பொருட்டு, அவை எக்காலத்திலும் சுற்றக் கூடாது.'"