காலி சீட்டுக்குப் போட்ட பெல்ட்

வெயில் வந்துவிட்டது என்று நம்பி மலைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழே பூ பூத்தால் மேலேயும் பூத்துவிட்டது என்று நினைப்பு. கணவாய்ச் சாலை காலையில் கண்ணாடியாக உறைந்திருக்கும், மதியம் சேறாகும், சாயங்காலம் மறுபடி கண்ணாடி. அந்தச் சாலைக்கு வாடகைக் கார்களைத் தயார் செய்வதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு.

அன்று வந்த வெள்ளை வண்டி, கணவாயில் நான்கு மாதம் பனிக்குள் புதைந்து கிடந்தது. சாலை திறந்ததும் கட்டி இழுத்து வந்தார்கள். அதில் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'.

"நாலு மணிக்கு இது வெளிய போகணும்."

"இன்னிக்கா? விளையாடுறீங்களா? யாருக்கு?"

"உன் தங்கச்சிக்குத்தான்யா. வேற வண்டியே இல்ல."

தங்கையின் கணவர் மலைக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார். கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரை மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அழைத்துவர அவள் போகிறாள், ஆறு வயதுப் பாப்பாவோடு. இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்டியாக வேண்டும். வண்டி மேலே நின்றுவிட்டால் இரண்டு பேரும் குளிரில் விறைத்துப்போவார்கள். அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன். குளிர்கால டயரைக் கழற்றாமல் அப்படியே வைத்தேன். பிரேக் கட்டைகள் புதிது, வைப்பர் புதிது. கண்ணாடி கழுவும் தண்ணீரில் உறையாத மருந்து. பனியில் வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் சங்கிலி டிக்கியில்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினேன்.

டிங். டிங். டிங்.

பின்சீட்டில், இடது பக்கம், யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக விளக்கு எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். காலி.

சீட்டுக்கடியில் எடையை உணரும் தகடு ஒன்று உண்டு. ஈரம் ஏறினால் பொய் சொல்லும். சீட்டும் ஈரமாகத்தான் இருந்தது. சூடான காற்றடித்துக் காய வைத்தேன். கை கழுவி வருவதற்குள் மறுபடி நனைந்திருந்தது. உருகிய பனியும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. எரிச்சலில் தகட்டின் ஒயரையே பிடுங்கி எறிந்தேன்.

டிங். டிங். டிங்.

"என்னய்யா இன்னுமா?" என்றார் அவசரம்.

"ஒயரே இல்லாம கத்துது சார்!"

"சீட்டுதானே கத்துது, பிரேக்கா கத்துது? பெல்ட்டை மாட்டி விட்டு அனுப்பு."

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற திருட்டு வேலைதான் அது. காலி சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டால் வண்டி வாயை மூடிக்கொள்ளும். செய்யக் கூடாது என்று நானே பல பேரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் மணி மூன்றே முக்கால். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

உள்ளே குனிந்து பெல்ட்டை இழுத்தேன். காலி சீட்டில் அது தட்டையாகப் படிய வேண்டும். படியவில்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மாட்டிய பிறகும் பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்தரத்தில் விறைப்பாக நின்றது.

பழைய ஸ்பிரிங், இறுகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

சத்தம் நின்றது. அந்த நிம்மதியில் வேறெதையும் யோசிக்கவில்லை. "போய்த் தொலை" என்று கதவை அறைந்து சாத்தினேன். வண்டி சரியாக இருக்கிறது என்று தாளில் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து.

தங்கை வந்ததும் பாப்பாவைப் பின்சீட்டில் வலது பக்கம் உட்கார வைத்தாள்.

"அந்தப் பக்கம் பெல்ட்டை அப்படியே விட்டுடு. கழட்டினா கத்தும். எந்த சீட்டு கத்தினாலும் பெல்ட்டை மாட்டு, நின்னுடும்."

"சரிண்ணா, போயிட்டு வரேன்."

வண்டி நகரும்போது பாப்பா எனக்குக் கையாட்டவில்லை. ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பக்கத்துக் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச தூரம் ஓடினேன். அவளுக்குக் கேட்கவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு சிக்னலே கிடைக்கவில்லை.

ஆறு மணிக்கு அவளே கூப்பிட்டாள். வெளிச்சம் இன்னும் இருந்தது.

"அண்ணா..." காற்று இரைந்தது.

"எங்கம்மா இருக்கே?"

"கணவாய்ல. பாப்பா ஒரே அழுகை. பின்னாடி எடமே இல்ல, தள்ளுறாங்கங்கிறா. வண்டிய நிறுத்தி அவளைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

அவள் குரலுக்குப் பின்னால் அது கேட்டது.

டிங். டிங். டிங்.

"என் பக்கத்துக் கதவு தொறந்துதான் இருக்கு. பின்னாடி மூணு சீட்டுக்கும் வெளக்கு எரியுதுண்ணா. நீ மாட்டின பெல்ட்டும் கழண்டு கெடக்கு."

மூன்று.

"பாப்பா எங்கே?"

"என் இடுப்புல."

"பக்கத்துல ஏதாவது வண்டி?"

"ஒண்ணும் இல்ல. கை விறைக்குது. நீ சொன்ன மாதிரி பெல்ட்டை மாட்டி விட்டுடவா?"

"வேண்டாம்!" நான் கத்தியதில் அவசரம் எட்டிப் பார்த்தார். "வண்டியத் தொடாதே. தள்ளி நில்லு. நான் வரேன்."

போனுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

கொஞ்சம் விட்டு, இன்னொரு 'டக்'.

மூன்றாவது.

டிங் நின்றுபோனது. காற்று மட்டும் கேட்டது.

"அண்ணா," என்றாள் தங்கை, மிக மெல்ல. "நான் இன்னும் கிட்டவே போகலையே."