ஆற்றங்கரையில் விட்டது

அன்று மாலை ஒரு கொசுகூட ஹேமநாதனைக் கடிக்கவில்லை.

மற்றவர்கள் காலையும் கழுத்தையும் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தார்கள். காஹாங் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடம். ஈரமண் வாடையும் அழுகிய பழக்குலை வாடையும் அடுப்புப் புகையோடு கலந்து தொண்டையில் இறங்கின. மலரின் புருஷனான அவன் மட்டும் அரைக்கைச் சட்டையோடு நின்று, கழுவிய அலுமினியத் தட்டைக் காற்றில் வீசி வீசி உலர்த்திக்கொண்டிருந்தான். மாசாய் ஊரில் அவர்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில் வழிதவறி வருகிற ஒற்றைக் கொசுவும் அவனைத்தான் தேடிப் பிடிக்கும். "உங்க ரத்தம் சீனிப்பாகு" என்று மலர் கேலி செய்வாள். இன்றைக்குக் கேலி வரவில்லை.

ஆப்பிரிக்காவுக்கு ஒத்திகை என்றுதான் கிளம்பியிருந்தார்கள். அங்கே ஒரு லோரியில் கும்பலாக ஏறி, நாடு நாடாகக் கூடாரம் அடித்துத் தங்கிப் போவதாக ரூபேந்திரன் திட்டம் போட்டிருந்தான். பழைய லோரி ஒன்றில் இருக்கைகள் பொருத்தி, லாபிஸில் தொடங்கிய பயணம் இது. விடிந்தால் கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். முறை வந்தவர் சமைக்க வேண்டும். தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, வீசித்தான் காயவைக்க வேண்டும். எல்லாம் அங்கே நடப்பதுபோலவே. ஒன்று மட்டும் இந்த ஊர் வழக்கம்: காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வேறெதுவோ திரும்பிப் பார்க்குமாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ரூபேந்திரன் இதில் படு கறார். அதனால் புறப்படும்போது லோரிப் பலகையைத் தட்டி, "ஜோடி இருக்கா?" என்பான். ஒரே கூடாரத்தில் படுப்பவர்களில் ஒருவர் மற்றவருக்காகப் பதில் சொல்ல வேண்டும்.

அன்று காலை, முந்தின இரவு தங்கிய ஆற்றங்கரையில், மலர்தான் பதில் சொன்னாள். கொட்டுகிற மழை. கூடாரம் நனைந்துபோனதற்கு யார் காரணம் என்று புருஷனோடு சண்டை. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் லோரிக்குள் திரும்பி உட்கார்ந்திருந்தாள். புருஷனுடையதுபோலவே நீல மழைக்கோட்டு ஒன்று பின்படியில் ஏறுவது கடைக்கண்ணில் பட்டது.

"இருக்காரு லா, போங்க!" என்று எரிந்து விழுந்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஏறினவனை அவள் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே புருஷன் என்று சொல்லிவிட்டாள்.

அன்று சமையல் முறை கூட வந்த தனலெட்சுமிக்கு. அவள் பக்கத்தில் போய்க் குந்தி, மலர் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இவரு ஒரு மாதிரியா இல்ல?"

தனலெட்சுமி மிளகாய்ச் சம்பாலைக் கிளறியபடியே சிரித்தாள். "அலமாக்! சண்டை போட்டா ஆம்பளைங்க ஒரு மாதிரியாத்தான் இருப்பாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. போ, தட்டை எடுத்துட்டு வா."

அவன் சாப்பிட்டான். சம்பாலைச் சோற்றில் குழைத்து, நிதானமாக. எப்போதும் முதல் கவளத்திலேயே நெற்றி வியர்த்து, தண்ணீர் தண்ணீர் என்று பறப்பவன். வியர்க்கவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை.

மலர் அன்றிரவு கண்ணை மூடவில்லை. விடிகிற வெளிச்சம் துணிவழியே கசிந்தபோது அண்ணாந்து பார்த்தாள். அடைத்த கூடாரத்தில் ஆள் மூச்சு விட்டால் துணி உள்ளே வியர்க்கும். அவள் பக்கம் முத்து முத்தாக ஈரம். அவன் பக்கம் காய்ந்திருந்தது.

அவன் மார்பு ஏறியது. இறங்கியது. அவள் விரலை அவன் மூக்கருகே கொண்டுபோனாள்.

காற்று இல்லை.

அப்படியானால் ஹேமநாதன்? மழையில், அந்தப் பெருகுகிற ஆற்றோரம், ஒரு பகலும் ஒரு இரவும்? பயத்தைவிட அந்த நினைப்புத்தான் அவளைக் கூடாரத்தை விட்டு வெளியே தள்ளியது. இந்தக் காட்டில் லைன் இல்லை, போன் செய்ய வழியில்லை. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். சட்டைக்குள் கிடந்த தாலிக்கொடியை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு ரூபேந்திரனிடம் ஓடினாள்.

"அண்ணே, தாலிய அங்க ஆத்துல கழட்டி வச்சிட்டேன். திரும்பிப் போகணும்."

ரூபேந்திரனுக்கு முகம் மாறிவிட்டது. தாலி என்றால் பேச்சே இல்லை. "அதை ஏம்மா கழட்டினே?" என்று முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தான்.

அவள் புருஷனாக இருந்தது எதுவும் கேட்கவில்லை. திட்டவில்லை.

"போலாம்," என்றது. முதல் ஆளாக லோரியில் ஏறி உட்கார்ந்தது.

வழி நெடுக அதன் முழங்கால் அவள் முழங்காலில் இடித்தது. குளிர்ச்சி. ஆற்றுத் தண்ணீரின் வாடை. மலர் வெளியே மட்டும் பார்த்தாள். மரம். மரம். சேறு.

லோரி நின்றதும் குதித்தாள். ஓடினாள்.

அவன் இருந்தான்.

பாறையில் குந்தியிருந்தான். சட்டை கிழிந்து, உதடு வெடித்து. உயிரோடு. தெய்வமே, உயிரோடு! மலருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க! தப்பு என் மேலதான், நான் பாக்காமலே..."

அவன் எழுந்தான். அவளைத் தடுக்கக் கையை நீட்டினான்.

"கிட்ட வராத."

"நாந்தாங்க. உங்க பொண்டாட்டி."

"எம் பொண்டாட்டி என்கூடத்தான் இருக்கா," என்றான். பல் கிடுகிடுத்தது. "எல்லாரும் விட்டுட்டுப் போனீங்க. எனக்காக லோரிய விட்டு இறங்கினவ அவ ஒருத்திதான்."

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் விரல்களைப் பற்றியது. மலரின் கை. மலரின் வளையல்.

அவன் அந்தக் கையைப் பிடித்து, அதற்குரியவளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பத்திரமாக.

லோரியின் படியில் யாரோ இறங்கும் சத்தம். மெதுவாக. அவளை நோக்கி.

மலர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஹேமநாதனின் தோளுக்கு மேலே அவள் முகமே எழும்பி வந்து, அவன் தோளில் தாடையை வைத்து, அவளைப் பார்த்துச் சிரித்தது.