சாவி எழுதப்படாத அலமாரி

கணினி விளையாட்டுக்குள் இருந்த சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. ஷூ லேஸால் கட்டியிருந்தது. அவன் வீட்டு ஜன்னலும் அப்படித்தான்.

"கற்பனைக்கு வக்கில்லாதவன் எல்லாம் தன் வீட்டைத்தான் எழுதுவான்" என்று உதட்டைப் பிதுக்கினான்.

பழைய கணினி விளையாட்டுகளை விமர்சனம் எழுதிக் கிழித்துத் தொங்கவிடுவதுதான் அவன் பிழைப்பு. வாசகர்கள் வைத்த பேர் கத்தரி. இது எழுத்திலேயே நடக்கும் விளையாட்டு. படம் கிடையாது, கட்டளையைத் தட்டினால், நடந்ததைத் திரை சொல்லும். தயாரித்த நிறுவனம் எப்போதோ மண்ணைக் கவ்விவிட்டது. வெளிவராமலே போன வட்டுகள் காயலான் கடையில் அவனுக்குச் சிக்கின. விளையாட்டில் மாடிக்கு ஏறினால், "இது இன்னும் எழுதப்படவில்லை" என்றது திரை.

"கிழிச்சானுங்க."

விவரமானவர்கள் அடிக்கடி ஆட்டத்தைச் சேமித்துக்கொள்வார்கள், தப்பு செய்தால் பழைய இடத்துக்குத் திரும்ப. இந்தக் குப்பைக்கு அதொரு கேடா என்று அவன் சேமிக்கவில்லை.

வெளியே மழை பிடித்திருந்த மாலை. காயாத துணியின் வாடையும் கணினியின் சூடான தூசி வாடையும் அறையில் தேங்கி நிற்க, பக்கத்துப் படுக்கையறையில் மகள் படம் வரையும் பென்சில் சத்தம் சுவர் வழியாகச் சுரண்டிச் சுரண்டி வந்துகொண்டிருந்தது. 'படுக்கையறை விளக்கை அணை' என்று தட்டினான்.

"சரி."

"அப்பா! இங்க லைட் போயிடுச்சு."

"பியூஸா இருக்கும். ஜன்னல்கிட்ட உக்காந்து வரைம்மா."

உள்ளுக்குள் ஏதோ நெருடியது. வயரிங் செய்தவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, விளையாட்டில் படுக்கையறைக்குள் நுழைந்தான்.

"இங்கே ஓர் அலமாரி இருக்கிறது. ஜன்னலோரம் ஒரு சிறுமி வரைந்துகொண்டிருக்கிறாள்."

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். பயந்துவிட்டோமே என்ற எரிச்சலில் பழைய திமிர் திரும்பியது. மட்டமான விளையாட்டைச் சந்தி சிரிக்கவைக்க அவன் தொழிலில் ஒரு சோதனை உண்டு: உயிருள்ளதைத் தூக்கி எதற்குள்ளாவது அடைக்கச் சொல்வது. நல்ல விளையாட்டு மறுக்கும். மட்டமானது தலையாட்டும்.

'சிறுமியை அலமாரியில் வைத்துப் பூட்டு.'

"சரி."

பென்சில் சத்தம் நின்றது.

"பாப்பா?"

ஓடினான். பாதி வரைந்த வீடு தரையில் கிடந்தது. பென்சில் இல்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. கட்டிலடியில் அவள் செருப்பு மட்டும். அலமாரியை விரியத் திறந்தான். சட்டைகள். கையை விட்டுத் துழாவினான். பலகை. வெறும் பலகை.

கணினிக்குத் திரும்பினான்.

'அலமாரியைத் திற.'

"பூட்டியிருக்கிறது. சாவி வேண்டும்."

'சாவியைத் தேடு.'

"சாவி இன்னும் எழுதப்படவில்லை."

'பழைய இடத்துக்குத் திரும்பு.'

"நீ எதையும் சேமிக்கவில்லை."

கெஞ்சினான். வாழ்நாளில் எந்த விளையாட்டிடமும் கெஞ்சாதவன், எழுத்துப் பிழையோடு, அழுதுகொண்டே தட்டினான்.

"புரியவில்லை."

அப்போது மறுபடி கேட்டது. சுரண்டல். மெதுவாக. பக்கத்து அறையில்.

போய் நின்றான். இருட்டு. அலமாரிக் கதவுகள் இரண்டும் அவன் திறந்துவைத்தபடியே விரிந்திருந்தன. சட்டைகள் அசையவில்லை. அந்த வெற்றுப் பலகையிலிருந்து, அவன் முகத்துக்கு நேராக, பென்சிலால் சுரண்டும் சத்தம்.

"அப்பா... கதவைத் திறங்கப்பா."

"தெறந்துதாம்மா இருக்கு" என்றான்.

சுரண்டல் நிற்கவில்லை.